சொன்னவர் சொன்னபடி

அவரை முதலில் நான் காதால்தான் அறிந்தேன். அப்போது நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவைக்கு மேலே ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, உறுப்பினர்கள் தமிழில் பேசப் பேச, கூடவே அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கீழே யாரெல்லாம் காதுக் கருவியை மாட்டியிருக்கிறார்களோ அவர்களுக்கு என் குரல் கேட்கும். பெரும்பாலான பேச்சுகள் வணக்கத்தில் தொடங்கி "ஆவன செய்யுமாறு கேட்டு அமர்கிறேன்" என்று முடியும். பாதியைக் கேட்காமலே சொல்லிவிடலாம் என்கிற தெனாவட்டு எனக்கு வந்திருந்த காலம்.

அன்று புதுக் குரல் ஒன்று கேட்டது. கட்டையான ஆண் குரல்.

"ஐயா, வணக்கமுங்க. நான் வையம்பட்டி சந்தையில கடலை விக்கிறவ."

நானும் வாய் பழக்கத்தில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், நான் சந்தையில் கடலை விற்கும் பெண் என்று. சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுக் கீழே எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் வெள்ளை வேட்டியும் நரைத்த மீசையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரேதான் பேசினார்.

"பேங்க்குக்குப் போனேன். ரேகை வைக்கச் சொன்னாங்க. வச்சேன். கடலை உரிச்சு உரிச்சு எனக்கு ரேகையே தேஞ்சு போச்சு. அந்த மிஷினு, நான் நான் இல்லேங்குது. பொறந்ததுலேருந்து நான் நானாத்தான் இருக்கேன். இப்ப நான் இல்லேன்னா, அப்ப நான் யாருங்கய்யா? அதையாவது அந்த மிஷினு சொல்லுமா?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். ஒரு நொடி தள்ளி, என் குரல் போய்ச் சேர்ந்ததும், மற்றவர்கள் சிரித்தார்கள். எதிர்வரிசையில் இருந்த ஒரு பெண் உறுப்பினர் மேசையைத் தட்டினார். தங்கள் ஊர்களிலும் இதே கதைதான் என்று நாலைந்து பேர் கையை உயர்த்தினார்கள். எத்தனையோ பேச்சுகளை நான் கடத்தியிருக்கிறேன். அன்றுதான் என் குரல் போய் விழுந்த இடத்தைக் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் வெளியே வரும்போது தாழ்வாரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். யார் யாரையோ கேட்டு என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"என் இங்கிலீசு நீங்கதானா?" என்றார்.

"ஆமாம் சார்."

"நல்லாப் பேசுனேங்க நானு. பக்கத்துல ஒரு சர்தார்ஜி உக்காந்திருந்தாரு. சரியான எடத்துல சிரிச்சாரு. நீங்க எந்த ஊரும்மா?"

"ஸ்ரீரங்கம்."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. டெல்லிக் குளிரில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தால் வரும் மலர்ச்சி. தோள் பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத் தொடருக்கும் எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வந்து சேர்ந்தது.

ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று அப்போதே கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

"வேற எப்படிம்மா பேசுறது? அந்தக் கடலைக்கார அம்மாவுக்கு இங்க வர வழியில்ல. அதனாலதான் என்னை அனுப்பியிருக்காங்க. வந்த எடத்துல நான் என் பேச்சைப் பேசிட்டுப் போனா நாயமா? அவங்க கோவமாச் சொன்னா நானும் கோவமாச் சொல்லணும். சிரிச்சுக்கிட்டே சொன்னா சிரிச்சுக்கிட்டே சொல்லணும். நீங்களும் அப்படியே சொல்லிருங்க. அழகுபடுத்திடாதீங்க."

அவர் கட்சிக்காரர்களுக்கு இது சங்கடமாக இருந்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, "நீங்க எம்.பி. கடலைக்காரி இல்ல. அதை ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொன்னாராம். "சரிங்க" என்று தலையாட்டியிருக்கிறார். மறுவாரம் எழுந்து நின்று, "ஐயா, நான் லாரி டிரைவர்" என்று ஆரம்பித்தார். அந்த ஐந்து வருடத்தில் அவரால் நான் ஆடு மேய்த்தேன், வாழைத்தார் சுமந்தேன், நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தேன், பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடைக்காமல் ஓடினேன். ஒருமுறை உப்பிலியபுரம் பக்கத்து மரவள்ளி விவசாயியாகவும் இருந்தேன். அந்த ஊர் அவர் தொகுதியே இல்லை. ரயிலில் எதிர் சீட்டில் வந்தவர் சொன்னாராம், மனசு கேட்கவில்லையாம்.

யாராவது குறை சொல்ல வந்தால் எப்படிக் கேட்டுக்கொள்வார் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஒரு லீவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, பெருமாளைச் சேவிக்க வந்தவர் அப்படியே சித்திரை வீதியில் இருந்த எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். அம்மாவுக்கு எம்.பி. என்றதும் ஒரே பரபரப்பு. காபியைக் கொடுத்த கையோடு தன் குறையை எடுத்துவிட்டாள்.

"இந்தக் குரங்குகளுக்கு ஒரு வழி பண்ணப்படாதோ? பெருமாளுக்கு அமுது பண்ண வச்ச சர்க்கரைப் பொங்கலைக் கண் முன்னாடி எடுத்துண்டு போறது. நான் சுலோகத்தைப் பாதியில விடவும் முடியலை, அதை விரட்டவும் முடியலை."

அவர் கும்பிட்டார். "அம்மா, ஸ்ரீரங்கம் என் தொகுதி இல்லீங்களே."

"குரங்குக்குத் தொகுதி தெரியுமோ?" என்றாள் அம்மா.

அவர் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். அம்மா சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, முழுவதையும் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அதை அம்மாவிடமே ஒப்பித்தார். "எடுத்துண்டு போறது" அவர் வாயில் "எடுத்துட்டுப் போறது" என்று வந்தது. அம்மா திருத்தினாள். மறுபடி ஒப்பித்தார். அம்மா தலையாட்டும்வரை விடவில்லை.

வன விலங்குகளைப் பற்றிய விவாதம் ஒன்று அடுத்த தொடரில் வந்தது. ஊரெல்லாம் புலியையும் யானையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் எழுந்து, "நான் ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதியில இருக்கேன். பெருமாளுக்கு அமுது பண்ண வச்ச சர்க்கரைப் பொங்கலைக் குரங்கு எடுத்துண்டு போறது" என்றார், அதே கட்டைக் குரலில். நான் கண்ணாடி அறைக்குள் என் அம்மாவாகப் பேச வேண்டியதாயிற்று. இடையில் அவைத் தலைவர், இது உறுப்பினரின் தொகுதியா என்று கேட்டார். அவர் காத்துக்கொண்டிருந்ததே அதற்குத்தான்.

"குரங்குக்குத் தொகுதி தெரியுமோ?"

சிரிப்பு அடங்கவில்லை. நானும் ஒலிவாங்கியை மூடிவிட்டுச் சிரித்தேன். ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணினால், அவள் எங்கள் வீதி முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறாள். "நன்னாத்தான் சொன்னார். சுலோகத்தை மட்டும் விட்டுட்டார்" என்றாள். குரங்குகள் என்னவோ போகவில்லை. ஆனால் அம்மா அதற்குப் பிறகு அவற்றைப் பற்றிக் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்றாம்.

இதெல்லாம் சிரிப்பு. செல்லாயி அக்காவின் விஷயம் அப்படியில்லை.

வையம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ரயில் பாதை. அங்கே இருந்த கேட்டை எடுத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்திருந்தார்கள். மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்றுவிடும். செல்லாயி அக்கா அந்த ஊர்க்காரர். கணவரை இழந்தவர். நம் எம்.பி.யைவிட வயதில் மூத்தவர், இவரைத் தம்பி என்று கூப்பிடுகிறவர். தனக்கு நடந்ததை அவர் சொல்லி முடித்ததும், இவர் வழக்கம்போல ஒப்பித்துக் காட்டியிருக்கிறார். "இது மாறாம அப்படியே போய்ச் சேரணும் தம்பி" என்று கேட்டுக்கொண்டாராம் அந்த அக்கா. இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒருநாள் அவை ஒத்திவைப்பு, இன்னொரு நாள் அமளி, மற்ற நாட்களில், ஊர்க் குறை பேசும் நேரத்துக்காக எடுக்கும் குலுக்கலில் பெயர் வரவில்லை. குளிர்காலத் தொடர் முடியப் போகிற வேளையில்தான் பெயர் வந்தது. அன்று காலை எனக்கு போன். எடுத்தால் ஊதுகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறது. டெல்லிக் குளிர் அவர் தொண்டையைக் கட்டிவிட்டது. குரல் என்று ஒன்று மிச்சமில்லை.

"என்னம்மா பண்றது?" என்று காற்றாகக் கேட்டார்.

"வேற யாரையாவது உங்களுக்குப் பதிலா வாசிக்கச் சொல்ல முடியுமான்னு கேளுங்கோ சார்."

"வாசிச்சா அது வாசிக்கிறதா இருக்கும்மா. அந்தக்கா வாசிக்கலையே."

எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "சார், முன்னால மைக் இருக்கு. உங்க வாயிலேருந்து காத்து வந்தாப் போதும். என் காதுல விழுந்துடும். மீதியை நான் பார்த்துக்கறேன்."

அவர் பெயரை அழைத்தபோது அவையில் சந்தை இரைச்சல். எழுந்து நின்றார். உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. யாரோ, "சத்தமாகப் பேசுங்கள்" என்று கத்தினார்கள். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தன் காதைக் காட்டினார். முதலில் அந்த சர்தார்ஜி காதுக் கருவியை மாட்டினார். பிறகு முன்வரிசையில் ஒருவர். அப்புறம் ஒவ்வொருவராக எடுத்து மாட்டினார்கள். தமிழ் உறுப்பினர்களும் மாட்டிக்கொண்டார்கள், மைக் வழியாக வரும் மூலப் பேச்சைக் கேட்பதற்கு. யாருக்கும் நேராகக் கேட்காத ஒரு பேச்சை எப்படிக் குறுக்கிடுவது? இரைச்சல் தானாகத் தணிந்தது.

"நான் செல்லாயி" என்றது என் காதில் அந்தக் காற்று.

"மழை பேஞ்சா எங்க ஊரு சுரங்கம் கெணறு. போன ஐப்பசியில என் வீட்டுக்காரரு செத்துப்போனாரு. இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போனாங்க. உசுரோட இருந்தப்ப அந்த மனுசனக் குளிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தீவாளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்கா. செத்தப்புறம் நல்லா முங்கிக் குளிச்சிட்டுப் போனாரு."

அவை சிரித்தது. அவர் சிரிப்பு முடியட்டும் என்று நின்றார்.

"சிரிங்க, நானுந்தான் சிரிச்சேன். பொம்பளைங்க நாங்க கரைமேலயே நின்னுட்டோம். கீழ தூக்கிட்டுப் போனதுல ஒருத்தனுக்குக் கால் வழுக்கிருச்சு. பாடை சாஞ்சிருச்சு. என் புருசன் மொகம் தண்ணிக்குள்ள போயிருச்சு. 'ஐயோ, தூக்குங்கடா, மூச்சு முட்டுமே'ன்னு கத்திப்புட்டேன். செத்தவருக்கு மூச்சு முட்டுமான்னு எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு முட்டுச்சுங்கய்யா."

கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. எங்கள் வேலையில் அது கூடாது. குரல் ஒரே சீராகப் போக வேண்டும். உடைந்ததை அப்படியே அவர்கள் காதில் விட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்தார். பொதுவாக ஊர்க் குறை பேசும் இந்த நேரத்தில் அமைச்சர்கள் பதில் சொல்வது வழக்கமில்லை. அன்று துறை அமைச்சர் எழுந்தார். பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. "அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், அடுத்த மழைக்குள் செய்துவிடுவோம்" என்றார்.

செய்தார்கள். சரிவுக்கு மேல் கூரை போட்டார்கள், ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், தேங்குவதை இறைக்க மோட்டார் வைத்தார்கள். அடுத்த ஐப்பசியில் நான் லீவில் இருந்தேன். அவர் என்னையும் அழைத்துப் போனார். நல்ல மழை. ஊரே குடையும் சாக்குக் கொங்காணியுமாகச் சுரங்கத்து வாயில் நின்று, தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. தேங்கவில்லை. பையன்கள் சைக்கிளில் உள்ளே போய், அந்தப் பக்கம் ஏறி, மறுபடி இந்தப் பக்கம் வந்தார்கள். டிராக்டர்காரர் ஒருவர் வேலையே இல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் வந்தார்.

செல்லாயி அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். "நான் சொன்னத இங்கிலீசுல சொன்னது நீங்கதானா? எங்க, சொல்லுங்க கேப்போம்."

மழைக்கு நடுவே, அந்தக் கூட்டத்துக்கு நடுவே, முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனாலும் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா. "நான் அழுதுக்கிட்டுல்ல சொன்னேன். அது வந்துச்சா?"

"வந்தது."

"எப்படி? இங்கிலீசுலயா?"

"எனக்கும் அழுகை வந்துடுத்து."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பச் சரி" என்றார்.

அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் கொடுக்கவில்லை. எனக்குத்தான் வருத்தம். அவர், "அஞ்சு வருசம் ஊருக்காகப் பேசியாச்சு. இனிமே கொஞ்சம் கடலை போடுறேன்" என்று சிரித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்து சேர்ந்தேன்.

போன வருடம் ஒருநாள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறேன், நீங்களும் வந்தால் அப்படியே ஒரு காபி குடிக்கலாம் என்று கூப்பிட்டார். திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாள். போனால், வரிசையில் எல்லாரோடும் நிற்கிறார். முன்னாள் எம்.பி. என்று சொன்னால் நாற்காலி போடுவார்கள். சொல்லவில்லை. பின்னால் செல்லாயி அக்கா.

"நீங்க எங்கேக்கா?" என்றேன்.

"இவரு வாயத் தொறக்க மாட்டாரு. அதான் கூட வந்தேன்."

விஷயம் இதுதான். அவருடைய கடலைக் காட்டின் மேல் மின்கம்பி தொய்ந்து தொங்குகிறது. பல வருடமாக அப்படித்தான். எம்.பி.யாக இருந்தவரை, சொந்தக் காட்டுக்காக எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

அவர் முறை வந்தது. கலெக்டர் வடநாட்டுக்காரர், இளைஞர், புதிதாக வந்தவர். தட்டுத் தடுமாறித் தமிழில், "சொல்லுங்க ஐயா" என்றார்.

நாடாளுமன்றத்தையே சிரிக்கவும் அழவும் வைத்த மனிதர், மேல் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "அது வந்துங்க... பெருசா ஒண்ணும் இல்லீங்க... எனக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒருத்தரு, அவருக்கு பட்டா விஷயமா..."

"தள்ளுங்க தம்பி" என்றார் செல்லாயி அக்கா. அவரை ஓரமாக நகர்த்திவிட்டு, கலெக்டர் முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டார்.

"ஐயா, வணக்கமுங்க. நான் முன்னாடி எம்.பி.யா இருந்தவன்."

கலெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா வேகமெடுத்தார். கலெக்டரால் பின்தொடர முடியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. அக்கா பேசப் பேச, பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

"என் காட்டுல கரண்ட் கம்பி என் தலைக்கு மேல தொங்குது. நிமிந்தா உசுரு போயிரும். அதனால அஞ்சாறு வருசமா குனிஞ்சே வெவசாயம் பாக்குறேன். ஊருக்காக டெல்லியில போய் நிமிந்து நின்னவன், என் சொந்தக் காட்டுல கூனிக்கிட்டு நிக்கிறேன். கேக்க எனக்குக் கூச்சமா இருக்குங்கய்யா."

கலெக்டர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதில் எம்.பி. யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பின்னால் கையைக் காட்டினோம். அங்கே அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. கலெக்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார். மின்சார அதிகாரியை அங்கேயே கூப்பிட்டுப் பேசினார்.

வெளியே வந்து காபி குடிக்கும்போது அவர் கேட்டார். "ஏக்கா, நான் அப்படியா பேசுவேன்?"

"பின்ன?" என்றார் அக்கா.

அவர் யோசித்துப் பார்த்தார். "ஆமா. அப்படியேதான் இருந்துச்சு."

கொஞ்ச நாள் கழித்து, காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காட்டிலிருந்து பேசினார். காற்றின் இரைச்சல், தூரத்தில் ஒரு ரயில் போகும் சத்தம்.

"அம்மா, புதுக் கம்பம் நட்டு, கம்பிய இழுத்துக் கட்டிட்டாங்க. இப்பத்தான் காட்டுக்கு நடுவுல நின்னு ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தேன்."

"ஐயையோ! கையை ஏன் சார் தூக்கறேள்?"

"எட்டலம்மா" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். "எட்டவே இல்ல."